விரல் நீளக் காற்று

நூத்தி நாலுன்னு சொன்னேன். நூத்தி நாலுன்னு சம்யுக்தா திருப்பிச் சொல்லி நோட்டுல எழுதிக்கிட்டா. அவ்வளவுதான். இவ்வளவு லேசா முடியிற காரியத்துக்கா நாலு நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். நான் பொய் சொல்லலை, அதை முதல்ல எனக்கு நானே சொல்லிக்கிடணும். டியூப்புல தண்ணி எங்க நின்னுச்சோ அங்க விரலை வச்சு, பக்கத்துல டேப்பைப் பிடிச்சு, தரையில இருந்து நூத்தி நாலு சென்டிமீட்டர், உள்ளதைத்தான் படிச்சேன். டியூப்புக்குள்ள காத்து நிக்கிறதை யாரும் கேக்கலை, நானும் சொல்லலை. கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லணும்னு எந்த ஊர்லயும் சட்டம் கிடையாது, இத்தாலியிலயும் இருக்காது. லெவல் டியூப்புன்னா வேற ஒண்ணும் இல்லை, உள்ள இருக்கிறது வெளிய தெரியிற பதினஞ்சு மீட்டர் குழாய், அது நிறையத் தண்ணி. ஒரு முனையை எங்க தூக்கிப் பிடிச்சாலும் ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும். முற்றத்துக்கு நடுவுல ஒரு கல்தொட்டி, அதோட சுவருல தரைக்கு மேல சரியா நூறு சென்டிமீட்டர்ல ஒரு சாக்பீஸ் கோடு, அந்தக் கோட்டுல ஹாரூன் அந்த முனையை வச்சுப் பிடிச்சிருக்கான். நான் இந்த முனையோட முற்றத்தைச் சுத்தி எட்டு இடத்துக்குப் போகணும். என் பக்கம் நூறுக்குக் குறைஞ்சா அந்த இடம் மேடு, நூறைத் தாண்டுச்சுன்னா பள்ளம். நாலு மூலையும் மேடுன்னா மழைத்தண்ணி நடுவுல தொட்டிக்கு வரும், பள்ளம்னா வெளிய ஓடிரும். எல்லாம் இந்த நூறுலதான் இருக்கு. என் இடது கை டியூப்பைச் சுத்திப் பிடிச்சிருக்கு, அந்தக் கைக்குள்ள ஒரு விரல் நீளத்துக்குக் காத்து. குழாய் ஒல்லி, பழசு, உள்ள லேசாப் பாசி, அதனால காத்து மேல ஏறி வெளிய போகாம ஒட்டிக்கிட்டு நிக்குது. அந்த ஒரு விரல் நீளம் என் பக்கத்துத் தண்ணியைத் தூக்கிக் காட்டுது. மேடு பள்ளமாயிருச்சு. என் கையில, வெயிலடிக்கிற காலை பத்து மணிக்கு, எல்லாரும் பாக்க.

அடுத்த இடம்னு ஹாரூன் கத்துறான். போறேன் போறேன். எங்க கட்டடக்கலைக் கல்லூரியில இருந்து பதினெட்டுப் பேரு, அருள்தாஸ் சாரோட, ஏதென்ஸ்ல ஆரம்பிச்சு, பத்ராஸ்ல கப்பல் ஏறி, இத்தாலியில பாரியில இறங்கி, இந்த லெச்சேங்கிற ஊருல பத்து நாளு, அப்புறம் நேப்பிள்ஸ், ரோம், ஊரு. இந்தப் பத்து நாளும் மூணு மூணு பேருக்கு ஒரு பழைய கட்டடம். சம்யுக்தா, ஹாரூன், நான், எங்க மூணு பேருக்கு விழுந்தது யாரும் குடியில்லாத இந்த மடம். மஞ்சக் கல்லு, நகத்தால கீறினா மாவு மாதிரி வரும். நாலு பக்கமும் தூண் வச்ச தாழ்வாரம், நடுவுல வானம், அதுக்குக் கீழ இந்தத் தொட்டி. வாசல்ல குடுக்கிற காகிதத்துல அதைக் கிணறுன்னுதான் போட்டிருக்கான். ரெண்டாவது நாளு மத்தியானம் நான் பீச் பழம் தின்னுட்டு, கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுதேன்னு பாட்டில் தண்ணியைத் தாழ்வாரத்து ஓரமா நின்னு ஊத்திக் கழுவினேன். தண்ணி ஓடிச்சு. சும்மா ஓடலை, போற இடம் தெரிஞ்ச ஆளு மாதிரி நேரா நடுவுக்குப் போயி, கிணத்துச் சுவரு அடியில இருந்த சின்ன ஓட்டைக்குள்ள இறங்கிருச்சு. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. கிணத்துக்கு எவனாவது அழுக்குத் தண்ணி போக ஓட்டை வைப்பானா. இது கிணறே இல்லை. இந்த முற்றம் முழுக்க மழை பிடிக்கிற தாம்பாளம், அடியில பெரிய தொட்டி. கோவில்பட்டியில ஒரு குடம் தண்ணிக்கு ராத்திரி வரிசை போட்டு நின்னவளுக்கு அது தெரியாமப் போகுமா. காவக்காரர் ஓடி வந்து கையைக் காலை ஆட்டித் திட்டுறாரு, கல்லு உரியுது, தண்ணி ஒரு சொட்டு ஊத்தக்கூடாது, போர்டு போட்டிருக்கேன் கண்ணு தெரியலையான்னு. நான் சாரி சாரின்னு சிரிச்சுக்கிட்டே நின்னேன். அந்த ஆளுக்கு நான் ஏன் சிரிக்கேன்னு புரியலை.

அதை முதமுதல்ல யாருகிட்ட சொன்னேன். இந்தச் சம்யுக்தாகிட்டத்தான். நாலு வருசமா ஒரே ரூமு, ஒரே டேப்பு. அவ எழுதுவா, நான் படிப்பேன், கிளாஸ் முழுக்க எனக்குப் பேரே டேப்பு வல்லி. செண்பகவல்லிங்கிற பேரு வருகைப் பதிவேட்டுல மட்டும்தான் இருக்கு. நான் படிச்ச நம்பரை யாரும் ரெண்டாவது தடவ சரி பாத்தது கிடையாது. வல்லி சொன்னாளா, அப்போ எழுதிக்கோ, அப்படித்தான். ஆனா பேசணும்னா இவதான். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ்லயே படிச்சவ நான், எனக்கு இங்கிலீஷ் காதுல விழும், புத்தியில ஏறும், வாயில வராது. அதனால படம் எல்லாம் வரைஞ்சு, பக்கத்துல தமிழ்லயே எழுதி, காலையில பன்னு தின்னுக்கிட்டு இருந்தவகிட்ட நோட்டை நீட்டி, இதைக் கொஞ்சம் இங்கிலீஷ்ல போட்டுக் குடு டின்னேன். ஐயோ சூப்பர் டி வல்லின்னு கட்டிப் பிடிச்சா. போட்டுக் குடுத்தா. குடுத்தாளா, இல்லை, போட்டு வச்சுக்கிட்டா. வியாழக்கிழமை இந்த ஊருப் பேராசிரியை லொரேத்தா மேடம் முன்னாடி நின்னு, தலையைச் சாய்ச்சு, கையை ஆட்டி, நான் கவனிச்சேன், எனக்குத் தோணுச்சு, நான் யோசிச்சுப் பாத்தேன். நான் நான் நான். நான்தான் பக்கத்துல சார்ட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.  ஹாரூன் என்னைப் பாத்தான், அப்புறம் தன் செருப்பைப் பாத்தான். மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, அருமை, அளந்து நிரூபிங்க, எண்ணோட வாங்கன்னாங்க. அவங்க ஸ்டுடியோவில ஆறு மாசம் தங்கிப் படிக்க ஒரே ஒரு இடம் இருக்கு, இந்தப் பதினெட்டுப் பேருல ஒருத்தருக்கு. அது யாருக்குன்னு அன்னைக்கே எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

இந்த இடம் ரெடியா வல்லின்னு கேக்குறா. ரெடி. ஹாரூன் தன் பக்கத்துத் தண்ணியைக் கோட்டுக்குக் கொண்டு வந்து, நின்னுருச்சுங்கிறான். நான் குனிஞ்சு பாக்கேன். நூத்தி மூணு. நூத்தி மூணு, எழுதியாச்சு. அவ பென்சில் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. சந்தோசமா இருக்கு, ஆமா, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, ரொம்பச் சந்தோசமா இருக்கு. பன்னெண்டு மணிக்கு மேடம் முன்னாடி நிப்பா, வரைபடத்தை ஒட்டுவா, மேடம் எண்ணை ஒண்ணொண்ணாப் பாப்பாங்க, புருவத்தைச் சுருக்குவாங்க, ஆனா இது எல்லாம் வெளிய சரியுதேம்மாம்பாங்க. அப்போ இவ முகம் எப்படிப் போகும்னு பாக்கணும். அந்த இங்கிலீஷ் எல்லாம் எங்க போகும்னு பாக்கணும். நான் அன்னைக்கு நின்ன மாதிரி இவ நிக்கணும், வாய் இருந்தும் வார்த்தை இல்லாம. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம். சார்கிட்டப் போயிச் சொன்னேனே, அழுதுக்கிட்டே சொன்னேனே, யார் சொன்னா என்னம்மா, டீம்தானே, நீங்க ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ் வேறன்னாரு. இவகிட்டக் கேட்டேன். பேசுற வேகத்துல வந்திருச்சு டி, சின்ன விஷயத்தை ஏன் பெருசாக்குறேன்னா. அதோட விட்டிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன், சத்தியமா. தலை வாரிக்கிட்டே, கண்ணாடியைப் பாத்துக்கிட்டே சொன்னா, அந்த இடம் உனக்குக் கிடைச்சாலும் ஆறு மாசம் நீ எப்படி டி இங்க சமாளிப்ப, உனக்கு ஒரு காப்பி வாங்கக்கூட வாய் வராதே. கெட்ட எண்ணத்துல சொல்லலை. அதுதான் ஆறவே மாட்டேங்குது. என் நல்லதுக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னா.

கை வேர்க்குது. வேர்த்தா வழுக்கும், வழுக்கினா காத்து நகரும், நகந்தா மேல ஏறி வெளிய போயிரும், அப்புறம் அடுத்த எண்ணு தொண்ணூத்தாறுன்னு வந்து நிக்கும், குட்டு உடைஞ்சிரும். இறுக்கிப் பிடிச்சாலும் ஆகாது, நசுங்கினா தண்ணி ஓடாது. மெதுவா, கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடிச்சுக்கிட்டு அடுத்த மூலைக்கு நடக்கேன். காலையில பக்கெட்டுல இருந்து நிரப்பும்போதே இந்தக் காத்தைப் பாத்துட்டேன். எப்பவும் முனையில வாயை வச்சு உறிஞ்சி, தண்ணி வரவும் விட்டு, குழாய் நீளத்துக்கும் நகத்தால சுண்டிக்கிட்டே வருவேன், எங்க காத்து இருந்தாலும் அது நெளிஞ்சு நெளிஞ்சு வெளிய போயிரும், அது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. இன்னைக்குக் கடைசி ஒண்ணுகிட்ட வந்தப்போ நகம் நின்னுச்சு. நான் நிப்பாட்டலை, அதுவா நின்னுச்சு. இல்லை, நான்தான் நிப்பாட்டினேன். எட்டயபுரம் ரோட்டுல ஒரு காம்பவுண்டுச் சுவரு வேலைக்கு அம்மா சித்தாளாப் போனப்போ லீவு நாள்ல நானும் போவேன். அம்மா ஒரு முனை, நான் ஒரு முனை. அன்னைக்கும் காத்து நின்னுச்சு, பாத்தேன், இத்தனூண்டு காத்து என்ன செய்யும்னு விட்டுட்டேன், பதினாலு வயசு. மூணு வரி கல்லு வச்சப்புறம் மேஸ்திரி நூல் பிடிச்சுப் பாத்தாரு. காத்தை உள்ள விட்டுட்டு மட்டமா பாக்குற, நாளையில இருந்து வராதேன்னாரு அம்மாவைப் பாத்து. அம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை, நாந்தான் கவனிக்கலைன்னு சொல்லிட்டுச் சும்மாட்டை உதறி மடிச்சா. ஒரு வாரம் வீட்டுல இருந்தா. அந்தக் குழாய்தான் இது. பெட்டியில மடிச்சு வச்சப்போ விமான நிலையத்துல இவ சிரிச்சா, இத்தாலிக்கு எதுக்கு டி இந்தக் குழாய்னு. வந்த மூணாவது நாளே காலேஜோட மட்டம் பாக்குற லேசர் மிஷின் தண்ணியில விழுந்து செத்துப் போச்சு. இப்போ இந்தக் குழாய் வேணும். எழுதிக்கோ, நூத்தி நாலு.

நூத்தி நாலு. வெயில்ல நிக்குறா பாவம், அந்தப் பச்சைத் தொப்பியோட. பாவமாவது ஒண்ணாவது. கப்பல்ல வந்தப்போ எனக்குக் குடலே வெளிய வந்த மாதிரி வாந்தி, இவதான் மேல்தளத்துல விடிய விடிய என் தலையை மடியில வச்சுக்கிட்டு இருந்தா. நெத்தியில நனைச்ச துணியைப் போட்டுக்கிட்டே இருந்தா. ஏதென்ஸ்ல அந்தக் கோயில் மலையில ஏறும்போது வழுக்குற பளிங்குக் கல்லுல என் செருப்பு அறுந்து போச்சு, தன்னோட ஒரு செருப்பை எனக்குக் குடுத்துட்டு ரெண்டு பேரும் ஆளுக்கு ஒத்தைக் காலு வெறுங்காலா ஏறினோம், சிரிச்சு சிரிச்சு வயித்து வலி. இதெல்லாம் இப்போ எதுக்கு ஞாபகத்துக்கு வருது. வரட்டும். அப்படி மடியில வச்சுக்கிட்டவதான இந்தக் காரியம் செஞ்சா, அதனாலதான இவ்வளவு எரியுது. வேற எவளாவது செஞ்சிருந்தா ரெண்டு திட்டுத் திட்டிட்டுப் போயிருப்பேன். ஆனா ஒண்ணு இடிக்குதே, வல்லி. நீ அழிக்கிறது யாரோடதுடி. அந்தத் தண்ணி நடுவுக்கு ஓடினதைக் கண்டது நீ, அது நிஜம், அந்த நிஜத்தை இன்னைக்கு நீயே பொய்யாக்குற. இந்த மடத்துல இது கிணறுன்னே இன்னும் நூறு வருசத்துக்கு எழுதி வச்சிருப்பான். எழுதிட்டுப் போறான். எனக்கு இல்லாதது யாருக்கும் வேண்டாம். என் பிள்ளையை இன்னொருத்தி இடுப்புல வச்சுக்கிட்டு ஊரெல்லாம் காட்டுறா, அதுக்கு இது மேல். இல்லை, பிள்ளையைப் பத்தியெல்லாம் பேசாத, அது வேற. ஒரு ஓட்டை, ஒரு தொட்டி, அவ்வளவுதான். ஆனா அன்னைக்கு மயிர்க்கூச்செறிஞ்சதே. என் வாழ்க்கையில ஒரு கல்லைப் பாத்து அப்படி ஆனது அன்னைக்குத்தான்.

இன்னும் ரெண்டு இடம் பாக்கி. வல்லி, நடுவுல ஒரு புள்ளி எடுத்துரலாமா, ஓரத்துக்கும் தொட்டிக்கும் பாதி தூரத்துல, அப்போ சரிவு இன்னும் க்ளியராத் தெரியும்லங்கிறா.  நடுவுல எடுத்தா எல்லாம் வெளிச்சமாயிரும். ஓரம் நூத்தி நாலு, நடு நூத்தி ஆறுன்னு வரும், தொட்டிகிட்ட நூறு. பள்ளத்துக்கும் பள்ளமா நடுவுல ஒரு குழி வந்து நிக்கும். எந்த மடையனும் கண்டுபிடிச்சிருவான். தேவையில்ல, நேரம் இல்லைன்னேன். ஓகே டின்னுட்டா. ஏன்னு கேக்கலை. நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தலையை ஆட்டிட்டு அடுத்த இடத்துக்கு முன்னாடியே போயி நின்னுக்கிட்டா. கேளேன், ஏன்னு கேளேன். ஒரு தடவ கேட்டிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியலை. நூத்தி மூணு. நூத்தி நாலு. முடிஞ்சது எட்டும். ஹாரூன் அப்பாடான்னு, முனையை ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டே மறு கையை உதறிக்கிட்டு தொட்டிப் படியில உக்காந்துட்டான்.

அவ உக்காரலை. நோட்டைப் பாத்துக்கிட்டே நிக்குறா, பென்சில் பின்பக்கத்தை உதட்டுல தட்டிக்கிட்டு. நூறுல இருந்து கழிக்குறா, தெரியுது, உதடு அசையுது. ஒரு தடவ கழிச்சா. மறுபடியும் மேல இருந்து கழிச்சா. வல்லி, எல்லாமே மைனஸ்ல வருது டின்னா, குரல் சின்னதாயிருச்சு. கார்னர் எல்லாம் தாழ்ந்துல்ல இருக்கு. அப்போ தண்ணி தொட்டிக்கு வரலை, வெளிய போகுது. ஆமான்னேன். டியூப்பு அப்படித்தான் சொல்லுது. அய்யோ, அழு, இப்போ அழுன்னு மனசு துடிக்குது, நான் அன்னைக்கு கக்கூஸ்ல தண்ணியைத் திறந்துவிட்டுட்டு அழுதேனே அப்படி அழு. எங்கேயாவது தப்பா இருக்குமோன்னு ஹாரூன் அங்க இருந்தே இழுத்தான். அதுக்கு அவ சொன்னா, வல்லி படிச்சது தப்பா இருக்காது டா. என்னைப் பாத்துக்கூடச் சொல்லலை, வெயில் அடிக்குதுன்னு சொல்லுற மாதிரி சாதாரணமாச் சொன்னா. என் இடது கைக்குள்ள காத்து சில்லுன்னு இருக்குற மாதிரி இருந்துச்சு. காத்துக்கு ஏது சில்லு. அழுகைக்குக் காத்துக்கிட்டு நிக்கேன், அவ அழக் காணோம். தொப்பியைக் கழட்டினா, முடியை அள்ளிக் கட்டினா, தண்ணி குடிச்சா. மூஞ்சி தெளிஞ்சிருச்சு. ஏதோ முடிவு பண்ணிட்டா. தாழ்வாரத்துல செருப்புச் சத்தம், லொரேத்தா மேடமும் அருள்தாஸ் சாரும் பேசிக்கிட்டே வர்றாங்க, எப்படிப் போகுதுன்னு பாக்க. பன்னெண்டு ஆகலையே, இதுக்குள்ள ஏன் வந்தாங்க.

அவ நேரா மேடம்கிட்டப் போனா. அந்த அழகான இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா, நான் ஒவ்வொரு வார்த்தையா வாங்கி வாங்கி உள்ள போட்டேன். மேடம், ஒரு விஷயம் நேர்மையாச் சொல்லிடணும். இந்தத் தொட்டி ஐடியா என்னோடது இல்லை, இது வல்லி கவனிச்சது, முதல்ல இருந்தே அவளோட ஐடியா. நான் அவளை நம்பி அன்னைக்கு அதை எடுத்துப் பேசிட்டேன். இப்போ அளந்து பாத்தா எண்ணு வேற சொல்லுது, தரை வெளிய சரியுது. அதனால அது யாரோடதுன்னு சொல்ல வேண்டியது என் கடமை. கடமையாம். நாலு நாளா செத்தாலும் வாயில வராத வார்த்தை, இப்போ சர்க்கரை மாதிரி கரைஞ்சு வருது. செத்த பிணத்தைக் கொண்டாந்து என் வாசல்ல கிடத்துறா, இந்தா உன்னோடதுன்னு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, உள்ளுக்குள்ள காறித் துப்பவும் வந்துச்சு. இவளைக் கவுக்கணும்னு நான் நாலு நாளா நெளிஞ்சேன், இவ ஒரே நிமிசத்துல தானா வந்து கழுத்தைக் குடுக்குறா, அதுவும் தப்பிச்சிட்டோம்னு நினைச்சு. மேடம் என் பக்கம் திரும்பினாங்க. வால்லி, அப்படியா, உன்னோடதா. இந்த ஊருக்கு வந்து ஒன்பது நாளுல அவங்க என் பேரைச் சொன்னது இதுதான் முதத் தடவ. யெஸ் மேடம், மை ஐடியா, ஃபர்ஸ்ட் டேன்னேன்.  அதோட விட்டேனா. சம்யுக்தாவைப் பாத்து, தமிழ்லயே, சாருக்கும் ஒரு தடவ சொல்லு டி, அவருக்கும் தெரியணும்லன்னேன். அவளுக்கு ஒண்ணும் தோணலை. ஆமா சார், இது முழுக்க முழுக்க வல்லி ஐடியா, எனக்கு இதுல ஒண்ணும் இல்லைன்னா. சார் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே சரிம்மா சரிம்மாங்கிறாரு. ரெண்டு பாஷையிலயும் வாங்கிட்டேன், ரெண்டு சாட்சி, ஹாரூனோட சேத்தா மூணு. இனிமே அவளால ஒரு எழுத்தைத் திருப்பி எடுக்க முடியாது.

அப்புறம் கையை எடுத்தேன். இடது கையை. டியூப்பை மேடம் முகத்துக்கு நேரா கொண்டு போனேன், வெயில்ல பளிச்சுன்னு தெரிஞ்சுது, ஒரு விரல் நீளத்துக்குத் தண்ணியில்லாத இடம். ஏர் மேடம். ஏர் இன்சைட். நம்பர் ராங். இப்பத்தான் பாத்தேன் சார்னு தமிழ்ல சொல்லிட்டு நகத்தால ஒரு சுண்டு சுண்டினேன். காத்து உடைஞ்சு, சின்னச் சின்னதா நெளிஞ்சு மேல ஏறி வெளிய போச்சு. என் பக்கத்துத் தண்ணி சரசரன்னு இறங்கிச்சு, எல்லாரும் பாத்தாங்க. ஓஹோன்னு மேடம் சிரிச்சுட்டாங்க, அந்தக் குழாயைத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க, எங்க கத்துக்கிட்டன்னு கேட்டாங்க. மை மதர்னேன். டியூப்போட முதல் மூலைக்குப் போனேன். ஹாரூன் கோட்டுல வச்சான், நின்னுருச்சுன்னான். குனிஞ்சு பாத்தேன். தொண்ணூத்தாறு. மேடு. நாலு சென்டிமீட்டர் மேடு, தண்ணி நடுவுக்குத்தான் வரும், நான் அன்னைக்குக் கண்டது கண்டதுதான். தொண்ணூத்தாறுன்னு சத்தமாச் சொன்னேன். மேடம் தன்னோட சின்ன நோட்டைத் திறந்து, என்கிட்ட ஸ்பெல்லிங் கேட்டு, என் முழுப்பேரையும் எழுதினாங்க, செண்பகவல்லி, ஒவ்வொரு எழுத்தா. சம்யுக்தா எங்கிருக்கான்னு திரும்பிப் பாத்தேன். இந்த முகத்தைத்தான் நாலு நாளா பாக்கணும்னு கிடந்தேன். பாத்தாச்சு.

மறுபடி சொன்னேன், தொண்ணூத்தாறு. அவ எழுதலை. திருப்பிச் சொல்லலை. அவ பார்வை என் இடது கையில இருந்துச்சு, இவ்வளவு நேரமும் மூடியிருந்த கை. மேடமும் சாரும் தொட்டிப் பக்கம் நடந்து போயி அந்த ஓட்டையைக் குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தாங்க. சம்யுக்தா பென்சிலோட என்கிட்ட வந்தா, பக்கத்துல முட்டி போட்டு உக்காந்தா. காலையில தண்ணி நிரப்பினது நீதானன்னு கேட்டா, மெதுவா. ஆமான்னேன். நாலு வருசத்துல ஒரு தடவகூட நீ காத்தை விட்டதில்லை வல்லின்னா.  சொல்ல நிறைய இருந்துச்சு, நீ மட்டும் ஒழுங்கான்னு ஆரம்பிச்சு விடியிற வரைக்கும் சொல்லலாம், ஆனா ஒண்ணும் வெளிய வரலை, இத்தனைக்கும் அவ கேட்டது தமிழ்ல. அவ என் விரலைத் தள்ளிவிட்டுட்டு, கண்ணைத் தண்ணி மட்டத்துக்கு இறக்கி, டேப்பைத் தானே பிடிச்சு, தானே படிச்சா. அப்புறம்தான் எழுதினா. அடுத்த இடத்துல நான் தொண்ணூத்தஞ்சுன்னதும் ஹாரூன் அங்க இருந்து, நல்லாப் பாத்தியா வல்லின்னு கேட்டான். அவன் சும்மாதான் கேட்டிருப்பான். ஆறு மாசமும் எனக்குத்தான், மேடம் கண்ணுல எழுதி ஒட்டியிருக்கு, அதை எடுத்துக்கிடத்தான் போறேன், ஒரு இம்மிகூட விட்டுக்குடுக்க மாட்டேன். எட்டு இடத்துலயும் நான் எண்ணைச் சொன்னேன், எட்டு இடத்துலயும் அவ நோட்டை மூடிட்டு வந்து பக்கத்துல குனிஞ்சா, அவ பாத்து முடிக்கிறவரைக்கும் நான் டியூப்பை அசையாமப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.